அம்மாவின் இரண்டாவது டின்

பொறையாறு வழி,
14.10.1997

என் அன்பு மகள் பிரின்ஸிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகமாக இருக்கிறேன், மஸ்கட்டில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர தலைக்குள் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. முப்பத்தொரு வருஷம் லஸ்கராக மதகுப் பலகை தூக்கியவன் நான், எந்த வாய்க்காலுக்கு எத்தனை அங்குலம் தண்ணீர் விட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், உன் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுத வரமாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை நீ ஜெய்னுலாபுதீன் கடை பூத்துக்குப் போன் பண்ணியபோதே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் என்னத்தைச் சொல்வது. கடிதத்தில் எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். நீ பயந்திருப்பாய். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலி பழைய வலிதான்.

விஷயம் இதுதான். நவம்பர் 9 ஞாயிறு நம் கோயிலில் அம்மாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. யார் இறந்தாலும் அவர்கள் வாழ்க்கைக் குறிப்பைச் சபை முன்னால் வாசித்துவிட்டுத்தான் மண்ணுக்குள் வைப்பது நம் வழக்கம், உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கு அது நடக்கவில்லை என்பதை நான் உனக்குச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிடித்த மழையில் கல்லறைத் தோட்டத்து வழியெல்லாம் முழங்கால் தண்ணீர், குழியில் ஊற்று எடுத்துவிட்டது, இரண்டு பேர் வாளியால் இறைக்க இறைக்கத்தான் இறக்கினோம், போதகர் ஐயா குடைக்குள் நின்று ஒரு ஜெபத்தோடு முடித்துவிட்டார். நீயோ லீவு கிடைக்காமல் அங்கே அழுதுகொண்டிருந்தாய், இதையும் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். விட்டுவிடுவதில் உன் அப்பன் கெட்டிக்காரன், அதற்குத்தான் வருகிறேன். இப்போது போதகர் ஐயா ஒரு தாளைக் கொடுத்து, வீட்டுக்காரர் நீங்களே எழுதி நீங்களே வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெயர் ஞானப்பூ, அது சரி. பிறந்த வருஷத்திலேயே தகராறு, ஞானஸ்நானப் பதிவில் 41, உன் தாத்தா வேதாகமத்தின் கடைசித் தாளில் எழுதி வைத்தது 43. அவளைக் கேட்டபோதெல்லாம் புயல் அடித்த வருஷம் என்பாள், நம் கடற்கரையில் புயல் அடிக்காத வருஷம் எது. அதைக்கூட ஒருவிதமாக எழுதிவிட்டேன். 'சபைக்குச் செய்த ஊழியம்' என்ற இடத்தில் பிடியரிசி என்று எழுதியவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

உலை வைக்கும்போதெல்லாம் களையப் போகிற அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று டின்னில் போடுவாளே, மாதக் கடைசி சனிக்கிழமை பெண்கள் சங்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுவாளே, அதுதான். அவள் போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பியதும் நான் தனியாகச் சமைக்க ஆரம்பித்தேன். அரிசி மூட்டை எங்கே என்றுகூடத் தெரியாத மனுஷன், அடுக்களையில் கைக்கு அகப்பட்ட பழைய டால்டா டின்னைத் திறந்தால் அரிசி இருந்தது, பன்னிரண்டு நாள் அதையே பொங்கித் தின்றேன். ஒரே பானையில் ஒன்று குழைகிறது, ஒன்று விரைவிரையாக நிற்கிறது, மில்காரனைப் பிடித்துத் திட்டிவிட்டும் வந்தேன். டின் காலியான அன்றைக்குத்தான் புத்தியில் உறைத்தது, அது பல மூட்டையிலிருந்து பிடி பிடியாய்ச் சேர்ந்த அரிசி, கர்த்தருக்கு வைத்ததை நான் தின்றிருக்கிறேன். எனக்கு வந்த அவமானத்தைக் கேட்காதே. இரண்டு மரக்கால் அரிசியைத் தோளில் வைத்துக்கொண்டு சங்கத் தலைவி ஜூலியட் டீச்சர் வீட்டுக்குப் போய்த் தெரியாமல் நடந்துவிட்டது என்று தலைகுனிந்து நின்றேன். அவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டு அரிசி அவங்க இறப்பதற்கு முந்தின சனிக்கிழமையே வந்து சேர்ந்துவிட்டது, காலி டின் கோயில் அறையில்தான் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் நான் தின்றது எந்த டின்? அவள் எதற்கு இரண்டு டின் வைத்திருந்தாள்? பதினொரு மாதம் இது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கர்த்தரிடம் நேர்ந்துகொண்டு பொருத்தனை ஏதாவது பண்ணியிருந்தாளோ, எனக்குத் தெரியாமல் யாருக்காவது கொடுத்தாளோ என்று என்னென்னவோ நினைத்தேன், கோபம்கூட வந்தது, இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன புதன்கிழமை காளியம்மாளைப் பார்க்கப் போனேன். அம்மாவோடு இருபது வருஷம் ஒரே வரிசையில் நடவு நட்டவள், அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஏதாவது அவளுக்குத் தெரிந்திருக்கும், எழுதிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் மகன் பகலவனை உனக்கு ஞாபகம் இருக்கும், 89இல் குவைத்துக்குப் போனவன், அங்கே சண்டை வந்ததிலிருந்து இருக்கிறானா இல்லையா என்று ஒரு சேதியும் இல்லை. பேச்சுவாக்கில் டின் சமாசாரத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. அந்த அரிசி எனக்குத்தான் வரும் அண்ணே, உங்ககிட்டச் சொல்லக் கூடாதென்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தது என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். நீ அங்கே போய் எழுதிய இரண்டாவது கடிதம் வந்த நாளிலிருந்து என்றாள்.

பிரின்ஸி, அந்தக் கடிதம் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. உன் அம்மா வேதாகமத்து அச்செழுத்தைத்தான் வாசிப்பாள், கையெழுத்து ஓடாது, உன் கடிதத்தையெல்லாம் நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்தக் கடிதத்தில் ஏஜென்ட் சொன்ன ஆஸ்பத்திரி மூடிக் கிடந்ததையும் நாலு பெண்கள் ஒரு அறையில் ஐந்து நாள் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாகக் கிடந்ததையும் எழுதியிருந்தாய். ஆறாம் நாள் கீழே மெஸ் நடத்துகிற நாகூர்ப் பக்கத்து மீரா உசேன், மாடியில் தமிழ்க் குரல் கேட்டு ஏறி வந்து பார்த்து, அன்றிலிருந்து வேலை கிடைக்கும்வரை நாற்பது நாள் வேளாவேளைக்குச் சோறு அனுப்பியதையும் எழுதியிருந்தாய். நான் அந்தப் பத்தி முழுவதையும் விழுங்கிவிட்டு, சாப்பாடு நன்றாக இருக்கிறது, தினமும் கோழிக்கறி என்று வாசித்தேன். அவளுக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு, தாங்கமாட்டாள் என்றுதான். நீ 94இல் லீவில் வந்தபோதும் பஸ் ஸ்டாண்டிலேயே உன்னைப் பிடித்து, அம்மாவிடம் மூச்சு விடாதே என்று சொன்னேன், நீயும் சொல்லவில்லை. நான் சாமர்த்தியமாக மறைத்துவிட்டேன் என்று ஐந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். காளியம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"படிச்சிக்கிட்டே வந்தவரு ஒரு எடத்துல நின்னுட்டாரு, எச்சி முழுங்கிட்டு கோழிக்கறின்னாரு, எம்பொண்ணு பட்டினி கெடக்குறா காளின்னு வயல்ல நின்னு அழுதுச்சுண்ணே."

அதற்குப் பிறகு அம்மா கோயிலுக்கு ஒரு பிடி, உனக்கு ஒரு பிடி என்று இரண்டு டின்னில் போட ஆரம்பித்திருக்கிறாள். நீ வீட்டில் இருந்திருந்தால் தின்றிருக்கக்கூடிய சோறு அது, ஆகவே உன் பங்கு. மாதம் ஒரு முறை அதைக் கொண்டுபோய், பகலவன் சேதி நின்றதிலிருந்து அடுப்பே மூட்டாமல் கிடந்த காளியம்மாளிடம் கொடுத்து, இது என் மகள் சாப்பிட வேண்டியது, நீ பொங்கிச் சாப்பிடு, அங்கே அவளுக்கு எந்த மகராசியாவது போடுவாள், உன் பிள்ளைக்கும் போடுவார்கள் என்று சொல்வாளாம். பட்டினியை மறைக்கிறேன் என்று நான் மறைத்தது மீரா உசேனைத்தான். பட்டினி அவளுக்குத் தெரிந்தே இருந்தது. சோறு கிடைத்ததுதான் தெரியாது. அதற்குப் பிறகு நீ நிஜமாகவே நன்றாகச் சாப்பிடுவதாக எழுதியதை எத்தனை முறை வாசித்தேன், வாசித்தவன் நான் அல்லவா, அவள் நம்பியிருக்கமாட்டாள். நீ நேரில் வந்து குறையில்லை என்று சொன்னதையும் நம்பாமல்தான் கடைசிவரை பிடி போட்டிருக்கிறாள். நான் விட்டு வாசித்ததைக் காளியம்மாளிடம் சொன்னேன்.

"அப்ப போட்டாங்களாண்ணே? அக்கா தெரியாமலே போயிருச்சே."

அங்கிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. டிரங்குப் பெட்டியைக் குடைந்து உன் கடிதத்தை எடுத்துத் தேதி பார்த்தேன். மீரா உசேன் உனக்கு முதல் சோறு அனுப்பி ஐம்பது நாளுக்கு மேல் கழித்துத்தான் கடிதமே இங்கே வந்திருக்கிறது, அன்றைக்குத்தான் அம்மா முதல் பிடியைப் போட்டிருக்கிறாள். அப்படியானால் அவள் கேட்பதற்கு முன்னாலேயே கர்த்தர் கொடுத்துவிட்டாரா, இல்லை அவள் பிடிக்கும் உன் சோற்றுக்கும் சம்பந்தமே இல்லையா? ஜூலியட் டீச்சரிடம் சொன்னால், இதை ஊழியம் என்று எழுத முடியாது, கர்த்தரோடு பண்டமாற்று பேசுகிற மாதிரி இருக்கிறது, கோயில் டின்னை மட்டும் எழுதுங்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் ஒரு விதத்தில் நியாயமாகத்தான் படுகிறது. போதகர் ஐயாவிடம் போனேன், மேலே போனவர்களுக்கு இங்கே மறைத்ததெல்லாம் தெரிந்துவிடுமா என்று கேட்டேன். அவர் படித்தவர், ஏதோ இரண்டு விதமாகச் சொன்னார், எனக்குப் புரியவில்லை, கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணே அங்கே பசி இல்லை என்று நமக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் எழுதுங்கள் என்றார். உயிர்த்தெழுதலில் அவளைப் பார்ப்பேன் என்று நான் நம்புகிறேன் பாப்பா, சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்ததும் முதலில் என்ன கேட்பாள் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், அதுவும் சரியா தப்பா தெரியவில்லை. வாழ்க்கைக் குறிப்பின் முடிவில் உன் கடிதத்தின் அந்தப் பத்தியை அப்படியே வாசிக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் அது உன் பட்டினி, ஊர் முன்னால் வாசிக்க உன் சம்மதம் வேண்டும். உன்னைப் பெண் கேட்டிருக்கும் பொறையாற்றுச் சம்பந்தக்காரர்கள் வேறு அன்றைக்கு வருவார்கள், பெண் அங்கே கஷ்டப்பட்டாளா என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். அதைவிடப் பெரிய பயம் காளியம்மாள். அன்றைக்கு அவளும் கோயிலுக்கு வருகிறேன் என்கிறாள். உனக்குப் போட்டார்கள் என்று கேட்டதிலிருந்து அவள் பேச்சே வேறாக இருக்கிறது, நேற்று வந்து பகலவனின் பழைய பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிட்டுப் போனாள், இத்தோடு வைத்திருக்கிறேன். குவைத்திலிருந்து அந்தப் பக்கம் வந்தவர்களிடம் விசாரித்துப் பார். மீரா உசேன் இன்னும் மெஸ் வைத்திருந்தால் அவரிடமும் காட்டு, பத்து ஊர்க்காரர்கள் வந்து சாப்பிடுகிற இடம். இல்லாத நம்பிக்கையை அவளுக்குக் கொடுக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது, அதற்காக இந்த முறையும் பாதியை மறைத்து வாசிக்க எனக்குத் தைரியம் இல்லை. மீரா உசேனைப் பார்த்தால் நான் கும்பிட்டதாகச் சொல்.

வாய்க்காலில் தண்ணீர் நன்றாக வருகிறது, நாற்று பிடித்துவிட்டது. கொட்டகைக் கீற்று மாற்றியாகிவிட்டது, அதற்காக நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். தொடர்ந்து ராத்திரி டியூட்டி வாங்காதே, தலைக்கு எண்ணெய் வை, ஏசி காற்று நேராக முகத்தில் படும்படி படுக்காதே. என் சமையலில் ஒரு தொந்தரவு மட்டும் தீரவில்லை, ஒரு ஆளுக்கு அளந்தால் கை தானாக ஒரு பிடி கூடப் போட்டுவிடுகிறது. அங்கே பசி இல்லை என்பதால் அது அம்மா பங்காக இருக்க முடியாது. யார் பங்கு என்று தெரியாமலே டால்டா டின்னில் போட்டு வருகிறேன், மாதக் கடைசியில் காளியம்மாளிடம் கொடுத்துவிடுவேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் அம்மாவின் ஜெபமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். சம்மதமா இல்லையா என்பதை கடிதம் கிடைத்தபிறகு வரும் வெள்ளிக்கிழமைப் போனில் ஒரு வார்த்தையில் சொல், பின்னால் யார் நின்றாலும் பரவாயில்லை. இன்னொன்று, இனிமேல் எழுதும்போது சாப்பிட்டால் சாப்பிட்டேன் என்றும் சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்றும் உள்ளதை எழுது. வாசிக்கிறவனும் கேட்கிறவனும் இப்போது நான் ஒருவன்தான், விட்டு வாசிக்க இங்கே ஆள் இல்லை.

உன் அன்பு அப்பா,
சா. தேவநேசன்