தாளை இழுக்காத ஸ்கேனர்

புதன்கிழமை

இன்று விழுப்புரம் போய் ஸ்கேனர் வாங்கிவந்தோம். எங்கள் போர்வெல் தொழிலில் போட்ட ஒவ்வொரு போருக்கும் ஒரு தாள் உண்டு. எந்த அடியில் பாறை, எந்த அடியில் தண்ணீர் என்று என் வீட்டுக்காரர் அங்கேயே நின்று பென்சிலால் எழுதியவை. எல்லாம் சேறும் கிரீஸுமாக, மடிப்பில் நைந்து கிடக்கின்றன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் மிஷினைக் காட்டினார். புதுத் தாள் கட்டு சரசரவென்று போய் வந்தது. கூட வந்த கொழுந்தனுக்கு அதுதான் பிடித்தது. மழையில் எழுத்தே அழிந்துபோன பழைய தாள் ஒன்றை வேண்டுமென்றே பையில் எடுத்துப் போயிருந்தேன். "இதப் போட்டுக் காட்டுங்க" என்றேன். பாதியில் சிக்கி, இரண்டாகக் கிழிந்தது.

தாளைத் தொடாமல் மேலிருந்து படம் பிடிக்கும் ஸ்கேனரைக் கேட்டேன்.

"ஒவ்வொண்ணா வெச்சி எப்ப முடிக்கிறது அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"முடியறப்ப முடியட்டும். தாளு கிழிஞ்சிட்டா எத்தினி அடியில தண்ணின்னு யாரப் போயி கேப்ப?"

அவன் கிழிந்த இரண்டு துண்டையும் எடுத்து என் பையில் வைத்தான்.

சாயங்காலம் பனமலைத் தாள்களை ஏற்றி முடித்திருந்தேன். அந்த ஊர்க்காரர் ஒருவர் இவருக்கு போன் செய்து, பக்கத்து நிலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்டார். எப்போதும் "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பவர், இன்று, "இருங்க, ஆபீஸ்ல குடுக்கறேன்" என்று போனை என்னிடம் நீட்டினார்.

திரையைப் பார்த்து அடிக்கணக்கைச் சொன்னேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளத்தான் கஷ்டப்பட்டேன்.