அழித்த பதிவு

ஜூலை 9, செவ்வாய்

கடுகண்ணாவையிலிருந்து பாக்கியம் என்ற அம்மா இன்று நூலகத்துக்கு வந்தார். சிறுநீரக நோயாளிகளின் பேச்சைப் பதிந்து இணையத்தில் சேர்க்கும் எங்கள் திட்டத்துக்காக அவருடைய கணவர் போன வருடம் பேசியிருந்தார். மாசியில் இறந்துவிட்டாராம்.

"அவரு கொரல ஒருக்கா கேக்கணும் மிஸ்."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டவர் நடுவில் திறந்தார்.

"நின்னு நின்னு போகுதே மிஸ்?"

"அது பேரு வர்ற இடம்மா. யாருன்னு தெரியக்கூடாதுன்னு எல்லாப் பேரையும் வெட்டிருவோம்."

"எம் பேரையா?"

தலையாட்டினேன்.

"வெட்டாதது இருக்குமில்ல, அதப் போடுங்க."

இல்லை. வெட்டியதும் மூலப் பதிவை அழித்துவிட வேண்டும் என்ற விதியை எழுதியதே நான்தான். நோயாளிக்குப் பாதுகாப்பு என்று கூட்டத்துக்குக் கூட்டம் பெருமையடித்திருக்கிறேன். அழித்துவிட்டோம் என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

இன்னொரு தரம் போடச் சொன்னார். பேச்சு நின்ற ஒவ்வோர் இடத்திலும் "பாக்கியம்" என்று தானே மெல்லச் சொல்லிக்கொண்டார்.

நாளைக்கு இன்னும் ஆறு பதிவுகள் இருக்கின்றன. அவற்றையும் வெட்டத்தான் போகிறேன்.