கிழக்குப் புறம்போக்கில் ஏழு மூட்டை

செப்டம்பர் 4, 2023. திங்கள்

சமுதாயக் கூடத்தில் காதுகுத்து. அதனால் பள்ளிக்கூடம் லீவு. பழைய கட்டடத்தை இடித்து ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் அந்தக் கூடத்தில்தான் படிக்கிறார்கள். ஊரில் விசேஷம் என்றால் படிப்பு கிடையாது. அக்கா மகள் கற்பகவல்லி பட்டாசு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் மகள் ஐஸ்வர்யா, மூன்றாம் வகுப்பு, இன்று முழுக்க என் வீட்டில்.

புதுக் கட்டடத்துக்குக் கிழக்குப் புறம்போக்கைப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்தைக் காட்டியதே நான்தான். கலெக்டரே வந்து என்னைக் கேட்டிருப்பார், அவருக்கு நேரமில்லை.

சாயங்காலம் டீக்கடையில் கறுப்புப் பை வைத்த ஓர் ஆள் அந்த இடத்தைப் பற்றி விசாரித்தார். தொண்ணூற்றெட்டில் நான் வேலை பார்த்த பட்டாசு கம்பெனிக்குச் சோதனை வந்தபோது, ஏழு மூட்டை வெடிமருந்தை நான் ஒருத்தனே சுமந்துபோய் அங்கே புதைத்ததைச் சொன்னேன். டீயை ஆறவிட்டுக் கேட்டார். நல்ல மனுஷன்.

செப்டம்பர் 13

இடத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை. ஊராட்சி ஆபீசுக்குள் நான் நுழைந்ததும் செயலர் மாரிக்கண்ணன் ஃபைலை மூடினான். "அண்ணாச்சி, டீ சாப்பிட்டீகளா?" என்றான். என்றைக்கு எனக்கு டீ கேட்டிருக்கிறான் இவன்?

செப்டம்பர் 14

பிடித்துவிட்டேன். இது காளிராஜ் வேலை. புறம்போக்கை ஒட்டி அவனுடைய பட்டாசு ஷெட்டுகள். பக்கத்தில் பள்ளிக்கூடம் வந்தால் புது ஷெட்டுக்கு லைசென்ஸ் கிடைக்காது. இன்று அவன் கார் தலைவர் ராமுத்தாய் வீட்டு வாசலில் பத்து நிமிஷம் நின்றது. என் கணக்கில் அரைமணி நேரம்.

செப்டம்பர் 18

மாரிக்கண்ணன் புதுச்செருப்பு போட்டிருக்கிறான். எப்படி?

செப்டம்பர் 21

கற்பகவல்லி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். இடம் சரியில்லை என்று ரிப்போர்ட்டாம். அக்டோபர் 2 கிராமசபையில் இடத்துக்குத் தீர்மானம் போடாவிட்டால், நம் பள்ளியை நாலுவழிச் சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள்.

"எம்பிள்ள தினமும் அந்த ரோட்டத் தாண்டணுமா மாமா?"

"கூட்டத்துல அவுக அம்புட்டுப் பேரையும் கிழிக்கிறேன் பாரு."

"நீங்க பேசாம இருங்க மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

என் அக்கா மகளையும் மடக்கிவிட்டார்களா?

செப்டம்பர் 25

ஆபீசுக்குப் போய் ஃபைலைக் கேட்டேன். தலைவரும் இருந்தார்.

"வேண்டாம்ணே" என்றார்.

"ஏன் வேண்டாம்? காளிராஜ்கிட்ட எம்புட்டு வாங்குனீக?"

ராமுத்தாய்க்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது. "மாரிக்கண்ணா, அண்ணன்கிட்டக் குடுத்துரு."

வாசித்தேன். 'மேற்படி இடத்தில் ஏழு மூட்டை வெடிமருந்து புதைக்கப்பட்டுள்ளதாக உள்ளூர்ப் பெரியவர் தங்கச்சாமி தெரிவித்தார்.'

பெரியவராம். அறுபத்தொன்றுதான் ஆகிறது எனக்கு.

"ஊருக்கு உங்களத் தெரியும் அண்ணாச்சி" என்றான் மாரிக்கண்ணன். "கறுப்புப் பைக்காரர் இடம் பாக்க வந்த அதிகாரி. அவருக்கு எப்படித் தெரியும்? காளிராஜ் அண்ணாச்சி வந்ததே அந்த வரிய எடுக்க வழி இருக்கான்னு கேக்கத்தான். அவுக ஷெட்டு ரொம்பத் தள்ளி இருக்கு, அவுகளுக்கு ஒண்ணும் இல்ல."

செப்டம்பர் 26

என்னத்த எழுத.

வெடிமருந்து ஏது? கம்பெனியில் என்னை மருந்து ஷெட்டுக்குள்ளேயே விட்டதில்லை. நான் லேபிள் ஒட்டுகிற பக்கம். ரோஜாப்பூ லேபிள் கட்டின் மேல் பசையைக் கொட்டிவிட்டேன். ஃபோர்மேனுக்குப் பயந்து அங்கே புதைத்தேன். இரண்டு மூட்டை. இல்லை — ஒன்று. இந்த நோட்டிலாவது ஒன்று என்றே இருக்கட்டும்.

செப்டம்பர் 27

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்றார். பரிசோதனைக்கு எழுதியிருக்கிறாராம், இரண்டு மாசம் ஆகுமாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். "நாளன்னைக்கு ஒரு தடவ இடத்துக்கு வாங்க சார்" என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

செப்டம்பர் 29. வெள்ளி

வந்தார். எல்லைக்கல்லுக்கு மூன்று அடி தள்ளி நின்றேன். கையில் இரும்புக் கடப்பாரை. மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு படக்கூடாது என்பது எங்கள் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு பொறி போதும்.

"யோவ், நிறுத்துய்யா!" என்று அதிகாரி கத்துவதற்குள் முதல் குத்து விழுந்துவிட்டது. அவரும் தலைவரும் மாரிக்கண்ணனும், வேடிக்கை பார்க்க வந்த மூன்று பேரும் வேப்பமரம் வரை ஓடினார்கள். மொத்தம் ஆறு பேர். கற்பகவல்லி மட்டும் நகரவில்லை.

இடுப்பளவு ஆழத்தில் வந்தது. கல்லாய் இறுகிய காகிதக் கட்டு. உடைத்தால் நடுவில் லேசாக ரோஜா நிறம்.

"இதுதானா?"

"இதுதான் சார்."

அதிகாரி பேனாவை எடுத்தார். கற்பகவல்லி சிரிக்கிறாளா அழுகிறாளா, தெரியவில்லை. "இதுக்கா மாமா இம்புட்டு வருசமாப் பீத்துனீக?"

அக்டோபர் 2

தீர்மானம் நிறைவேறியது. காளிராஜ்தான் முதலில் கை தூக்கினான். தீர்மானத்தில் என் பெயர் எங்கேயும் இல்லை. யார் எடுத்தது என்று விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 12, 2024

பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் மட்டம் வரை சுவர் ஏறிவிட்டது. ஐஸ்வர்யா தன் வகுப்பு எது என்று கைகாட்டினாள்.

டீக்கடையில் புதிதாக ஓர் ஆள். இவரிடமும் பை இருக்கிறது, பழுப்பு நிறம். "அங்க மண்ணு எப்படி?" என்று கேட்டார். கடப்பாரையைப் பார்த்து நாற்பது பேர் ஓடிய கதை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பையைப் பார்த்தேன்.

"நல்ல மண்ணு சார். நானே தோண்டிப் பாத்திருக்கேன்."

அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. டீ சூடாகவே இருந்தது, குடித்துவிட்டு வந்தேன்.