வெள்ளைப் பட்டை

மே 2
நாத்தனார் குடும்பத்தோடு வந்திருக்கிறாள். ஞாயிறு எல்லாரும் வாட்டர் பார்க் போவதாகத் திட்டம். பருத்தித் துணியோடு தண்ணீரில் விட மாட்டார்களாம். எனக்கென்று ஒரு நைலான் உடுப்பு வாங்கி வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் என்ன வெட்கமோ.

மே 4
கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதியாவது தொலைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்து வந்து எல்லார் கையிலும் காகிதப் பட்டை சுற்றினார். எல்லாருக்கும் நீலம். எனக்கு மட்டும் வெள்ளை. வெள்ளை என்றால் பார்வையாளர். உள்ளே நடக்கலாம், உட்காரலாம், தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

"நீ எங்க எறங்கப் போற? பையெல்லாம் யாராவது பாத்துக்கணும்ல" என்றார்.

கேட்டாரா? ஒரு வார்த்தை — கேட்டாரா?

மாமியாருக்குக்கூட நீலம். டியூபில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு மிதந்து வந்தார், ஒவ்வொரு சுற்றுக்கும் எனக்குக் கை வேறு காட்டினார். நான் குடைக்கு அடியில், எல்லார் செருப்புக்கும் ஈரத் துண்டுக்கும் நாத்தனார் கணவரின் மூக்குக் கண்ணாடிக்கும் காவல். என் பைக்குள் அந்த உடுப்பு. விலைச் சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை.

திரும்பும்போது வேனில் மகள் சொல்கிறாள், "அம்மாவுக்குத் தண்ணின்னா பயம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

மே 5
சண்டை போட்டேன். "இதுக்குப் போயா? சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே" என்கிறார். மற்றவர்கள் சொன்னார்களா? அவர் அம்மா சொன்னாரா? கடைசியில், "சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்." அடுத்த தடவையாம்.

மே 6
பேசவில்லை. வண்டிச் சாவி எங்கே என்றார். தேடிக்கொள்ளட்டும்.

மே 14
வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு லீவு போட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை. பஸ் ஏறித் தனியாக அதே வாட்டர் பார்க்குக்குப் போனேன். பையை லாக்கரில் போட்டுப் பூட்டினேன். லாக்கர்! அன்றைக்கும் இருந்திருக்கிறது, வாசலிலேயே, வரிசையாக.

பெரிய ஸ்லைடின் உச்சிக்கு மூச்சிரைக்க ஏறினால், அங்கே நிற்கும் ஊழியர், "டியூப்ல ரெண்டு பேர் உக்காரணும் மேடம். கூட வந்தவங்க யாரு?" என்கிறார். யாருமில்லை. தனி ஆளை விட மாட்டார்களாம். இங்கேயுமா? இறங்க மாட்டேன் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் கழித்து மூன்று பெண்கள் வந்தார்கள், ஒருத்தி மிஞ்சினாள். "வாங்க ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டி என்றதைக்கூட மன்னித்துவிட்டேன்.

பாதி வழியில் என் வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். சத்தமாகத்தான். அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டு யாரையோ திட்டினாள்.

மே 15
ஸ்லைடில் உரசி முழங்கையில் ஏற்பட்ட சிராய்ப்பை மகள் பார்த்துவிட்டாள். மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். அவர்தான் குதிப்பார் என்று தயாராக இருந்தேன். குதித்தது இவள்.

"உனக்குப் பயம்னு நெனச்சுத்தான் அன்னைக்கு உன்னக் கூப்பிடல. அந்த ஸ்லைடுல உன்கூடப் போகணும்னு எனக்கு எவ்ளோ ஆசை தெரியுமா? யாரோ ஒரு அக்காகூடப் போயிட்டு வந்திருக்க."

கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இப்போது அவர் வந்து, "நீ எந்திரி, நான் பேசிப் பாக்கறேன்" என்றார்.

வேண்டாம், அவள் கோபம் என்மேல்தான், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.