பூங்காப் புல்லும் நாற்பது உரமூட்டையும்

1997 ஒக்டோபர் 6

இன்றைக்கு ஒரு குளத்துக்காகக் கோபப்பட்டேன். பூங்காக் குளம் பச்சைப் பாசி பிடித்து நாறுகிறது. ஓரமெல்லாம் செத்த மீன். மேட்டில் புல்வெளி மட்டும் பளபளவென்று! வருடா வருடம் மழைக்கு முன் அதற்கு நாற்பது மூட்டை பொஸ்பரஸ் உரம் போடுவார்களாம். அத்தனையையும் புல்லா தின்னும்? மிச்சம் மழையோடு குளத்துக்குப் போய்ப் பாசியைத்தானே வளர்க்கும்? இந்த வருட மூட்டைகளும் வந்து களஞ்சியத்தில் இருக்கின்றன.

மாத்தளை ஆய்வுகூடத்துக்கு மாற்றலாகி எட்டு மாதம். மிளகுத் தோட்டத்து மண்ணையே பார்த்து அலுத்துவிட்டது. இந்தப் பூங்கா மண்ணைச் சோதிப்பது நானே தேடிக்கொண்ட வேலை!

ஒக்டோபர் 8

பூங்காப் பொறுப்பாளர் புஹாரி சேர் சம்மதித்துவிட்டார். "மண்ண எடுங்க மிஸ், புல்ல மட்டும் புடுங்கிராதீங்க" என்று சிரித்தார். தோட்டக்காரர் லெட்சுமணன் சிரிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் இருபது வருடம் உரம் போட்டுவிட்டு வந்தவர். இந்தப் புல்லைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார். நானோ குறை சொல்ல வந்தவள். ஆனாலும் மண்ணில் வேறெதுவும் கலக்கக்கூடாதென்று நான் கேட்டபடி, வேறு யாரும் தொடாத தன் சொந்த வாளியைக் கொண்டுவந்து, பதினைந்து இடத்து மண்ணை அதில் கலந்து தந்தார்.

திரும்பும்போது சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், பையில் மண். முக்கால் மணித்தியாலம் விளக்கம் சொன்னேன்.

ஒக்டோபர் 13

நீலம்! அப்படியொரு நீலம்! பொஸ்பரஸ் கூடக்கூட இந்தச் சோதனையில் நிறம் கறுக்கும். இது மைப்போத்தல் மாதிரி. ஒரு கிலோ மண்ணில் இருபது மில்லிகிராம் இருந்தால் புல்லுக்குப் போதும், இங்கே நூற்றுத்தொண்ணூறு! ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சொன்னேன். புஹாரி சேர் உரம் போடுவதை நிறுத்திவிட்டார். எனக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒக்டோபர் 14

ஐயோ.

பூங்காவில் லெட்சுமணன் அதே வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. என்ன அது என்றேன்.

"உரம் போடுற வாளி மிஸ். தோட்டத்துல ஆளுக்கொரு வாளி. என் வாளிய எவனும் தொடமாட்டான். நீங்க அப்பிடித்தானே கேட்டீங்க?"

அப்படித்தான் கேட்டேன். எதற்குப் பாவிக்கிற வாளி என்று கேட்டேனா? என்னடி சந்திரவதனா செய்து வைச்சிருக்கிறாய்? நேற்று நீ அளந்தது மண்ணையோ, அந்த மனுசன்ர வாளியையோ?

ஒக்டோபர் 15

புஹாரி சேரிடம் போய், "மண் எடுத்த விதம் பிழை. பிழை என்ர. திரும்பப் பார்க்க அஞ்சு நாள் தாங்கோ" என்றேன். வாளியைப் பற்றி மூச்சு விடவில்லை. லெட்சுமணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழை வரப்போவுது மிஸ். உங்கள நம்பி ஒருக்கா நிப்பாட்டினேன். நாளைக்குக் காலையில போட்டுருவோம்" என்றார் புஹாரி சேர்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் அரிசி கழுவும் பேசினைத் தேய்த்துக் கழுவி எடுத்துப்போய், பின்னேரமே புது மண் எடுத்து வந்தேன். நாளைக்கு உரம் விழுந்துவிட்டால் இதைச் சோதித்து என்ன பிரயோசனம்?

ஒக்டோபர் 16

உரம் போடவில்லை!! களஞ்சியச் சாவியைக் காணோமாம். ஒரு சாமானும் தொலைக்காத லெட்சுமணன் தொலைத்துவிட்டாராம். புஹாரி சேர் குதிக்கிறார். உண்மையாகவா என்று மெதுவாகக் கேட்டேன். லெட்சுமணன் புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என் வாளின்னு நீங்க சொல்லலியே மிஸ். அஞ்சு நாள்தானே கேட்டீங்க? தேடிக்கிட்டிருக்கேன்."

ஒக்டோபர் 17

தேடுகிறார்.

ஒக்டோபர் 20

எழுபத்துநான்கு! மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் அதே கணக்கு. மைப்போத்தல் இல்லைத்தான், ஆனால் நல்ல நீலம். இன்னும் பல வருடத்துக்கு அந்தப் புல்லுக்குப் பொஸ்பரஸே வேண்டாம். முதல் பிழையையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். புஹாரி சேர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, மூட்டைகளைத் திருப்பி அனுப்ப லொறிக்குச் சொல்லிவிட்டார்.

ஒக்டோபர் 22

விடியவே மழை. குடையோடு பூங்காவுக்குப் போனேன். மூட்டை நனையாமல் மூடப் படங்கு கட்டிய லொறி நின்றது. லெட்சுமணன் இடுப்பு மடியிலிருந்து சாவியை எடுத்துக் களஞ்சியத்தைத் திறந்தார். புஹாரி சேர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை.