வெட்டச் சொன்னது சட்டைக் கையை

அனுப்புநர்:
தையற்காரரின் தங்கை (மருந்துக்கடைப் பணியாளர்),
தையல் கடை, முதல் மாடி,
பேருந்து நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
தகவல் தொடர்புச் சேவைகள் குறைதீர்ப்பு அலுவலகம்.

பொருள்: என் அக்காவின் செய்திச் செயலிக் கணக்கை முடக்கி, அதிலுள்ள ஒரு பெண்ணின் படங்களை அழிக்க விடாமல் வைத்திருக்கும் நிறுவனத்தின் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் உரிமம் வழங்கியுள்ள செய்திச் செயலி நிறுவனம் எங்கள் வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிறது. கேட்டதைப் புரிந்துகொள்ள அதற்குத் துப்பில்லை. மரியாதைக் குறைவாக எழுதும் எண்ணம் எனக்கில்லை. இதை இதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1. என் அக்கா பெண்களுக்கு உடுப்பு தைப்பவர். துணி வெட்டித் தருபவர் வேறொரு பெண்; கைக்குழந்தைக்காரி என்பதால் தன் வீட்டிலிருந்தே வெட்டுகிறார். அக்காவின் இரண்டு கைகளும் துணியில் இருப்பதால் எழுதி அனுப்ப முடியாது, கைபேசியில் பேசித்தான் அனுப்புவார். தையல் கடையில் ஆளின் பெயர்தான் உடுப்பின் பெயர். டீச்சர் என்றால் டீச்சருடைய சட்டை. கழுத்து என்றால் சட்டையின் கழுத்து. இதைத் தங்களுக்கு விளக்குவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2. குற்றம் என்று சொல்லப்படும் குரல்செய்தி, துணி வெட்டுபவரின் கைபேசியில் இன்னும் இருக்கிறது. வார்த்தை மாறாமல் தருகிறேன்: "ஏய், பேங்க் அம்மாவோட ரெண்டு கையையும் இன்னைக்கே வெட்டி, ஒரு பையில போட்டு அனுப்பிடு. டீச்சர் கழுத்தைத் தொடாதே, அதை நான் வெட்டிக்கறேன். போன தடவை மாதிரி சொதப்பினே, கொன்னுடுவேன் உன்னை."

அதற்கு வந்த பதில்: "கொல்லுங்கக்கா, புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்து சாகறேன். பேங்க் அம்மாவுக்கு ஒரு கை முடிஞ்சுது. இன்னொரு கைக்குத் துணி பத்தலை."

அன்று பிற்பகலே அக்காவின் கணக்கு முடக்கப்பட்டது. காரணம்: "கடுமையான உடல் தீங்குக்குத் திட்டமிடுதல்." ஒரு கையை முடித்துவிட்டதாக ஒப்புக்கொண்டவரின் கணக்கை மட்டும் ஏனோ விட்டுவைத்திருக்கிறார்கள்.

3. "உங்கள் பேச்சு உங்களுக்கு மட்டுமே" என்று இந்த நிறுவனம் பேருந்தின் பக்கவாட்டில் ஆள் உயர எழுத்தில் விளம்பரம் செய்கிறது. நான் தினமும் அந்தப் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறேன். கேட்கவில்லை என்றால் எதை வைத்துத் தண்டித்தார்கள்? கேட்டார்கள் என்றால், பக்கத்தில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம்கூடவா காதில் விழவில்லை?

4. மேல்முறையீடு செய்யச் சொன்னார்கள், செய்தோம். அடையாள அட்டை கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு முகத்தைக் காட்டச் சொன்னார்கள். ஊசி நூலோடு உட்கார்ந்திருந்த என் அக்கா, கைபேசியின் முன்னால் இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார், கண்ணை மூடித் திறந்தார். காவல் நிலையத்தில் படம் எடுப்பதுபோல இருந்தது. திரையில் சுழன்ற வட்டம் முழுதாகச் சுற்றி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது: "கவனமாக மறுபரிசீலனை செய்தோம். முடிவில் மாற்றமில்லை." பேசுவதற்கு ஒரு மனிதரைக் கேட்டோம். உதவி எண்ணில் ஒரு இயந்திரம் என் அக்காவைப் பெயர் சொல்லி அழைத்து, அவருடைய உணர்வுகளைப் புரிந்துகொள்வதாகச் சொன்னது. சட்டைக் கை என்றால் என்னவென்று அதற்கும் தெரியவில்லை.

புது எண் வாங்கினோம். "தடைசெய்யப்பட்டவருடன் தொடர்புடைய கருவி" என்று அதையும் மூடிவிட்டார்கள். வேறு செயலிக்குப் போகச் சொல்வது எளிது. வாடிக்கையாளர் அத்தனை பேரும் இதில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய அளவுகளும் இதற்குள்தான் கிடக்கின்றன. வெளியே எடுத்துவர வழியே வைக்கவில்லை. தொழில் பாதியாகப் படுத்துவிட்டது. அதை எப்படியோ தேற்றிக்கொள்வோம். இந்த மனு அதற்காக அல்ல.

5. அக்காவின் வாடிக்கையாளர்களில் ஒருவருக்கு அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். (அவர் அனுமதி தந்த பிறகே இதை எழுதுகிறேன்.) வெளியில் போகும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிய, உள்ளே பஞ்சுப்பை வைத்த சட்டை வேண்டும் என்று கேட்டார். நாலு பேர் வந்து போகும் கடையில் நின்று அளவு கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று எடுத்த படங்களை அக்காவுக்கு அனுப்பினார். அந்தத் தழும்பை அவர் தன் கணவரிடமே இன்னும் காட்டவில்லை.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்படி வரும் படங்களைத் தன் கைபேசியில் இறக்கி வைக்கமாட்டார். உடுப்பு சரியாக அமைந்ததும், அனுப்பியவரைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கண்ணெதிரே அழிப்பார். "பார்த்துக்கோங்க, போயிடுச்சு" என்று கைபேசியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெரிய கடையை விட்டுவிட்டு எங்கள் படியேறி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணின் சட்டை பாதித் தையலில் இருந்தபோதுதான் கணக்கு பூட்டப்பட்டது. அவர் தன் பக்கத்திலிருந்து அழித்துப் பார்த்தார். அவர் திரையில்தான் மறைந்தது. அக்காவின் கணக்கில் இருக்கும் பிரதிக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. என் அக்காவாலும் முடியாது. "பாதுகாப்புக் கருதித் தேவையான காலம் வரை வைத்திருப்போம்" என்கிறது நிறுவனம். எவ்வளவு காலம், யாருடைய பாதுகாப்பு என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. மேல்முறையீட்டுப் பொத்தானுக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: அதை அழுத்தினாலே, கணக்கில் உள்ள அனைத்தையும் மறுஆய்வுக் குழுவினர் பார்வையிட ஒப்புக்கொண்டதாகப் பொருளாம். நியாயம் கேட்டு அழுத்திய விரலால், அந்தக் குளியலறைக் கதவை என் அக்காவே திறந்துவிட வைத்திருக்கிறார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் கத்தவில்லை, திட்டவில்லை. "அழிச்சிட்டேன்னு மட்டும் சொல்லுங்கக்கா. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, எனக்குத் தூக்கம் வேணும்" என்றார். என் அக்காவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

6. தங்கள் அலுவலக இணையதளத்தில் புகார் பதிய முயன்றோம். அக்காவின் எண்ணுக்கு வரவேண்டிய உறுதிப்படுத்தும் குறியீட்டை அதே செயலிக்குத்தான் அனுப்புகிறீர்கள். நேரில் வந்தேன். முன்மேசை ஊழியர், "பேப்பர்லாம் இப்ப வாங்கறதில்லைம்மா, ஆன்லைன்ல போடுங்க" என்றார். அந்தச் செயலிதான் பிரச்சினை என்றேன். "அப்ப அதுலயே அவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்களேன்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, ஐயா. உதவுவதாகவே நினைத்துச் சொன்னார். அதனால்தான் இன்று இந்த மனுவை அவருடைய மேசையில் வைத்துவிட்டு, எதிரே இருக்கும் நாற்காலியில் உட்காரப்போகிறேன்.

7. எனவே, அந்தப் படங்களை இதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். எல்லாப் பிரதிகளையும், அந்தப் பெண் முன்னிலையில், அழிக்க வைக்கவேண்டும். என் அக்காவின் பெயரோடு ஒட்டியிருக்கும் குற்றச்சாட்டை நீக்க வைக்கவேண்டும். மன்னிப்பு வேண்டாம், அதையும் இயந்திரம்தான் எழுதும்.

சட்டை தைத்து முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வாங்க வருகிறார். போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் "அழிச்சிட்டீங்களாக்கா?" என்ற ஒரு கேள்வியைத்தான் கேட்பார். என் அக்கா அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய பதிலை, அதற்குள் தாங்கள் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: திங்கட்கிழமை

பதில் பெறாமல் எழுந்து போகாத,
(கையொப்பம்)
தையற்காரரின் தங்கை