கை தவறவில்லை என்று எழுது

அன்பு மகள் வாலுவுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "ம்" என்பாய், அதனால் கேட்கவில்லை, வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கு.

என்ன எழுதிக் கொடுக்கட்டும் என்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே, டூட்டி நேரம், வார்டில் இரண்டு கட்டிலில் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. அன்று காலையிலேயே உன் மாமா கூப்பிட்டிருந்தான். ஷேர் மாதிரி ஆடாது என்று ஓய்வுப் பணத்தையெல்லாம் கடன் பத்திரத்தில் போட்டுவைத்தவன் ஆயிற்றே. "அக்கா, பாண்டு விலை சரசரன்னு இறங்குது, ஒரு காரணமும் தெரியல, எல்லாம் இந்த கம்ப்யூட்டருங்க பண்ற வேலை" என்று அவற்றுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுத்த புண்ணியவான்களை வாய்க்கு வந்தபடி திட்டினான். அதில் ஒரு புண்ணியவதி அவன் அக்கா மகள்தான் என்று நான் வாயே திறக்கவில்லை.

நீ விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு மெஷின் பாண்டை விற்றதைப் பார்த்து இன்னொன்று விற்க, அதைப் பார்த்து நீ புரோகிராம் எழுதிய மெஷினும் விற்க, வாங்க ஆளே இல்லை. நீ மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு நிற்காமல் பட்டனை அழுத்தி உன்னுடையதை நிறுத்திவிட்டாய். அப்புறம் விலை தானே நிமிர்ந்துவிட்டது, விட்டிருந்தால் மெஷின் அடிமட்டத்தில் வாங்கி லாபம் பார்த்திருக்கும் என்று இப்போது உன் மேல் விசாரணை. கை தவறிப் பட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் வேலை தப்பும் என்கிறாராம் உன் அதிகாரி. அவர் கெட்டவர் இல்லை, உன்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். ஆனால் நீ அப்படி எழுதினால் முதல் காரியமாக அந்தப் பட்டனுக்கு மூடி போட்டுப் பூட்டிவிடுவார்கள். அடுத்த முறை நிறுத்த வேண்டியவள் என்ன செய்வாள்? பார்த்தேன், யோசித்தேன், அழுத்தினேன் என்று உள்ளதை எழுது.

நீ அந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதி முடித்தபோதும் பெருமைப்பட்டேன். ஆனால் உன் கையாலேயே நிறுத்தினாய் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். பொண்ணு யார் மாதிரி என்று பெரிய நர்ஸ் கேட்டாள், என் மாதிரிதான் என்று கூசாமல் சொன்னேன். மாமாவிடமும் சொல்லிவிட்டேன், "நம்ம வாலுவா?" என்று கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினான்.

அப்பா இது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இன்று காலை பார்த்தால், உன் அறையில் அடைத்துவைத்திருந்த பழைய ரேடியோக்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து சமையலறையில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். எதற்கு இந்தக் கூத்து என்றேன். "உண்மைய எழுதி வேலை போயிடுச்சுன்னா அவ எங்க படுப்பா?" என்றார்.

விசாரணைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. தலை நிமிர்ந்து நன்றாக இரு, மகளே.

நடக்க வழியில்லாத சமையலறையிலிருந்து,
உன் அம்மா